ஓம் ஓம் என்று தலையாட்டி மாட்டிக்கொண்டேன்: வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

கல்லடிக்காரி
ஞாயிறு, இரவு 11.20

வணக்கம். இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தின் வடக்கில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். வந்து ஐந்து மாதம். ஐயெல்ட்ஸ் ஆங்கிலப் பரீட்சையில் கேட்ட புள்ளியை எடுத்துத்தான் வந்தேன். ஆங்கிலம் தெரியும் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன கிழமை சுப்பர்வைசர் என் வேலை பற்றிய தாளைத் தந்தார். "விளங்காவிட்டாலும் விளங்கியது என்கிறார்" என்று அதில் ஒரு வரி. வாசித்ததிலிருந்து நித்திரை இல்லை. பொய்க்காரி என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி இருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். ஆறாம் அறை அம்மாவுக்கு இன்னும் கிரீம் பூசவில்லைதானே என்று மூத்த ஊழியர் ஒருவர் கேட்டார். "யெஸ்" என்றேன். ஓம், இன்னும் பூசவில்லை என்பதுதான் நான் சொன்னது. அவர் பூசியாயிற்று என்று எடுத்து, தாளில் சரி போட்டுவிட்டுப் போய்விட்டார். பின்னேரம் பார்த்தால் அந்த அம்மாவின் கால் சிவந்து கிடக்கிறது. இன்னொரு நாள் மனேஜர் சனிக்கிழமை வர முடியுமா என்று கேட்டார். நான் நம் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். அவர் "பரவாயில்லை" என்று வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார். ஓவர்டைம் காசு போனது.

இவை கூடப் போகட்டும். மூன்றாவதுதான் மனதை அறுக்கிறது.

91 வயதில் ஒரு அம்மா இருக்கிறார். என் கையால் தந்தால்தான் தேத்தண்ணி குடிப்பார். ஒருநாள் இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்து புறப்படும்போது அவர் அறைக்குள் எட்டிப் பார்த்து "ஐ வில் கோ அண்ட் கம்" என்றேன். போயிட்டு வாறன். வேறு எப்படிச் சொல்வது? "போறன்" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினால் எங்கள் அம்மம்மா கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் குடிக்கவைத்துத்தான் திரும்ப அனுப்புவா. அந்த அம்மா சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார். போய்விட்டு இப்போது வந்துவிடுவாள் என்று. பதினொன்றரை மணிவரை கதிரையை விட்டு எழும்பவில்லையாம். இரவு வேலைக்காரப் பெண் எவ்வளவு கெஞ்சியும் கட்டிலுக்குப் போகாமல், கம்பளிச் சட்டையின் பொத்தானைப் பூட்டுவதும் கழற்றுவதுமாகக் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். மறுநாள் காலை கைமாற்றும் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் இதைச் சொன்னார்கள். யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் கூட ஆறியிருக்கும்.

எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். இது என் ஆங்கிலத்தில் உள்ள பிழையா, அல்லது நாம் வளர்ந்த விதத்திலேயே இருக்கிறதா? நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளித்தீர்கள்?


நிந்தவூர்_நானா
திங்கள், காலை 6.05

தங்கச்சி, முதலில் நித்திரை கொள்ளுங்கள். தோஹாவில் 16 வருடம் ஸ்டோர் கீப்பர் வேலை பார்த்தவன் சொல்கிறேன், இது எல்லோருக்கும் விழுகிற பள்ளம்.

என் முதல் கிழமை. சைட்டில் ஒரு எகிப்துக்கார இன்ஜினியர். நான் ஏதோ கேட்கப் போனேன். அவர் போனில் கதைத்துக்கொண்டே ஐந்து விரலையும் நுனியில் சேர்த்துக் குவித்து, மேலே பார்க்கப் பிடித்து, இரண்டு தடவை ஆட்டினார். நம் ஊரில் அப்படி விரலைக் குவித்தால் என்ன? சோறு. நானும் "சாப்பிட்டேன் சேர்" என்று சொல்லிவிட்டு நின்றேன். திரும்பவும் ஆட்டினார். "டின் மீனும் சோறும்" என்றேன். மனுசன் போனை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள். அங்கே அந்தக் கைக்கு அர்த்தம் "கொஞ்சம் பொறு".

மறுகா "இன்ஷா அல்லாஹ்". நானும் முஸ்லிம்தான், தினமும் சொல்கிற சொல்தான். ஆனால் வேலையில் ஒருவர் அதை எப்படிச் சொல்கிறார் என்று பார்க்கவேண்டும். நேரத்தையும் சேர்த்துச் சொன்னால் சாமான் வரும். தோளைக் குலுக்கிக்கொண்டு "புக்ரா, இன்ஷா அல்லாஹ்" என்றால், புக்ரா என்பது நாளைக்குத்தான், ஆனால் அந்த "நாளை" எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. இதை எந்த வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள், காது பழகவேண்டும்.

நான் பிடித்த வழி ஒன்று. யார் என்ன சொன்னாலும் அதைத் திருப்பி என் வாயால் சொல்வேன். "இருபது மூட்டை சீமெந்து, மூன்றாம் கேட், பகல் ஒரு மணிக்கு முதல், சரியா?" பிழை என்றால் அப்போதே திருத்துவார்கள். "விளங்கவில்லை" என்ற சொல்லே வாயில் வரத் தேவையில்லை, மானமும் போகாது. செய்து பாருங்கள்.


ஏறாவூர்_உம்மா
திங்கள், காலை 9.30

நானாவின் கதைக்குச் சிரித்துவிட்டேன். நான் குவைத்தில் வீட்டு வேலைக்கு ஆறு வருடம் இருந்தேன்.

அங்கே வீட்டுக்காரப் பெண்ணை மாமா என்றும் வீட்டுக்காரரை பாபா என்றும் கூப்பிடச் சொல்வார்கள். முதல் தடவை ஊருக்கு போன் எடுத்து "மாமா நல்ல மாதிரி, மாமாதான் தலைக்கு எண்ணெய் வாங்கித் தந்தா" என்றேன். அந்தப் பக்கம் உம்மா சத்தமே இல்லை. யார் இந்த மாமா என்று ஊரெல்லாம் விசாரணை.

இன்னொன்று சொல்லவேண்டும். நான் போகும்போது பயமில்லாமல் போனேன். நாங்களும் முஸ்லிம், அவர்களும் முஸ்லிம், அரபுதான் சின்னதிலிருந்து ஓதுகிறோமே என்று. போய் நின்றால் ஓதத் தெரிந்தவளுக்கு உப்பு கேட்கத் தெரியவில்லை. குர்ஆனில் தண்ணீருக்கு "மாஉ". அந்த வீட்டில் "மாய்". மாய், மாய் என்று பிள்ளை அழுகிறது, நான் பூனையைத் தேடுகிறேன். நோன்பு ஒன்று, தொழுகை ஒன்று, ஆனால் வீடு வேறு, பழக்கம் வேறு. ஒன்றுதான் என்று நினைத்துப் போனதால்தான் எனக்கு அதிகம் இடறியது. கொழும்பிலிருந்து வந்த சிங்களப் பிள்ளை ஒன்று பக்கத்து வீட்டில் இருந்தாள். ஒன்றுமே தெரியாது என்று போனவள், எதையும் கேட்டுக் கேட்டு மூன்று மாதத்தில் என்னை விட நன்றாகக் கதைத்தாள்.


சுவிஸ்_மாமி
திங்கள், பகல் 1.15

கல்லடிப் பிள்ளைக்கு: நான் 1990இல் இங்கு வந்தவள். களுவாஞ்சிகுடி. உன் பிரச்சினைக்கு என் பிரச்சினை மறுபக்கம்.

இந்த நாட்டில் "இல்லை" என்றால் இல்லை. கோபத்தில் சொல்வதில்லை. கடையில், ஒபிசில், பள்ளிக்கூடத்தில் "நைன்" என்று நேராக முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அடுத்த நிமிடம் சிரித்துக்கொண்டு வேறு கதை கதைப்பார்கள். முதல் சில வருடம் ஒவ்வொரு "நைன்"னுக்கும் வீட்டுக்கு வந்து அழுதேன். எனக்கு ஏதோ பகை என்று நினைத்தேன். மாடிக் கட்டடத்தில் உடுப்புக் கழுவும் அறைக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள் முறை இருக்கும். நான் ஒருநாள் அரைமணி நேரம் பிந்திவிட்டேன். கீழ்வீட்டுக் கிழவி துண்டு எழுதி ஒட்டியிருந்தா, பெயர் சொல்லி, நேரம் சொல்லி. மூன்று மாதம் அந்த மனுசியின் முகத்தில் விழிக்காமல் பின்பக்கப் படியால் ஏறி இறங்கினேன். அவவோ அந்தத் துண்டை ஒட்டிய கையோடு மறந்துவிட்டா. நத்தாருக்கு பிஸ்கட் கொண்டுவந்தா!

அதைவிடப் பெரிய கூத்து, என் முதலாளி. வேலை முடிந்து வரும்போது மரியாதைக்கு "ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட வாங்க" என்றேன். நம் ஊரில் யார் அதற்கு நாள் குறிப்பார்கள்? வாறோம் வாறோம் என்பார்கள், அதோடு கதை முடியும். இந்த மனுசன் பையிலிருந்து டயரியை எடுத்து, பேனையைத் திறந்து, "எந்தத் தேதி?" என்கிறார். அந்த மாதம் வீட்டு வாடகை கட்டவே இழுபறி. கடன் வாங்கி நண்டுக் கறி வைத்தேன். அவர் நண்டு சாப்பிடுவதில்லை.


வெட்டவெளி
திங்கள், இரவு 8.50

எல்லாம் நல்ல கதை. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள்.

வளைகுடாவில் ஒரு ஹோட்டலில் நான்கு வருடம் இருந்தேன். போகுமுன் ஏஜென்சிக்காரர் ஒருநாள் வகுப்பு வைத்தார். "எப்போதும் சிரியுங்கள், ஓம் என்று சொல்லுங்கள்" என்பதுதான் பாடம். அங்கே போய் முதல் கிழமை "விளங்கவில்லை" என்று மூன்று தடவை சொன்னேன். மூன்றாம் தடவை சுப்பர்வைசர் தட்டுகளைத் தூக்கி எறிந்தான். நான்காம் தடவை யார் சொல்வான்? எல்லோரும் ஓம் என்றோம். மறுகா "இந்த சிறிலங்காக்காரர் விளங்காமல் ஓம் என்பார்கள், அது அவர்கள் கலாசாரம்" என்று அவனே ஆட்களுக்குச் சொல்லித் திரிந்தான்.

ஆக, ஓம் நம் ஊரிலிருந்து கொண்டுபோனதா, அங்கே அடித்துப் பழக்கியதா? பாஸ்போர்ட்டைப் பூட்டி வைப்பதும் "இங்கே அப்படித்தான்" என்றார்கள். கத்தாரில் 2015இல் வந்த சட்டப்படியே, தொழிலாளி தானாக எழுத்தில் கேட்டாலொழிய அவரது கடவுச்சீட்டை முதலாளி வைத்திருக்க முடியாது. 2020இலிருந்து வேலை மாற முதலாளியின் கடிதமும் தேவையில்லை. சட்டத்தை மீறுகிறவனிடம் கலாசாரம் படித்து என்ன பயன்?

தங்கச்சியைக் குறை சொல்லவில்லை. அந்தச் சுப்பர்வைசர் தமிழ்ப் பிள்ளை "யெஸ்" என்றால் என்ன என்று ஒருதரமாவது கேட்டாரா?


நிந்தவூர்_நானா
திங்கள், இரவு 9.10

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. பாஸ்போர்ட் விஷயம் வேறு, அது வழக்கு. அதற்கு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது, தூதரகம் இருக்கிறது. ஆனால் அந்த இன்ஜினியர் எனக்கு ஒரு கெடுதியும் செய்யவில்லையே. கையைத்தானே ஆட்டினார். எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள்.


ஆங்கில_சேர்
செவ்வாய், காலை 7.40

மட்டக்களப்பில் வெளிநாடு போகிறவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். அந்த "யெஸ்" பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் என் வகுப்பில் ஒவ்வொரு கிழமையும் இது வரும்.

"நீ சாப்பிடல்லையா?" என்று தமிழில் கேட்டால் "ஓம், சாப்பிடல்ல" என்றும் சொல்லலாம், "இல்லை, சாப்பிடல்ல" என்றும் சொல்லலாம். முதலாவதில் ஓம் என்பது கேட்டவர் சொன்னது சரி என்பதற்கு. ஆங்கிலத்தில் அந்த வழி இல்லை. அங்கே யெஸ், நோ இரண்டும் கேட்டவரைப் பார்ப்பதில்லை, நடந்ததை மட்டும் பார்க்கும். சாப்பிட்டால் யெஸ். சாப்பிடாவிட்டால் நோ. எப்படிச் சுற்றிக் கேட்டாலும் அவ்வளவுதான். கல்லடிக்காரி செய்தது தமிழ் இலக்கணப்படி முழுச் சரி. நம் பக்கம் மட்டும் இல்லை, ஜப்பான், கொரியா ஆட்களும் ஆங்கிலத்தில் இதே பள்ளத்தில்தான் விழுவார்கள்.

தப்ப ஒரு வழி: இப்படி "இல்லைதானே" என்று கேட்டால் யெஸ்ஸும் வேண்டாம் நோவும் வேண்டாம். முழு வசனத்தைச் சொல்லிவிடுங்கள். "நான் இன்னும் பூசவில்லை." முடிந்தது.

இன்னொன்று. எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1970களில் ஒரு பிரிவு சொன்னார். சில சமூகங்களில் சொல்லாமல் விடுவதுதான் அதிகம், கேட்கிறவர் இடம், உறவு, முகம் பார்த்து விளங்கிக்கொள்ளவேண்டும். ஜப்பானை அந்தப் பக்கம் வைத்தார். ஜேர்மன்காரர், ஜேர்மன் பேசுகிற சுவிஸ்காரர் எல்லாம் மறுபக்கம், எல்லாவற்றையும் சொல்லில் போட்டுவிடுவார்கள். மாமியின் டயரிக் கதை அப்படியே அது. நாங்கள் ஜப்பான் பக்கம்.


சுவிஸ்_மாமி
செவ்வாய், காலை 11.00

சேர், ஜேர்மனில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது, "டொக்". நீ சாப்பிடல்லையா என்று கேட்டு, நான் சாப்பிட்டிருந்தால், யா சொல்லக் கூடாது, "டொக்" சொல்லவேண்டும். என் மகன் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து வீட்டில் தமிழுக்குள்ளும் போட ஆரம்பித்துவிட்டான். "இன்னும் குளிக்கல்லையா?" "டொக்!"


ஒசாகா_புள்ள
செவ்வாய், மாலை 6.30

சேர், ஒரு சின்ன மறுப்பு. நான் ஜப்பானில் முதியோர் பராமரிப்பில் இருக்கிறேன், 2019இல் தொடங்கிய அந்தத் திறன்மிகு தொழிலாளர் விசாவில் வந்தவள். ஊர் வாழைச்சேனை.

ஜப்பான் ஆட்கள் "இல்லை" என்று சொல்லமாட்டார்கள், அது உண்மை. "சொத்தோ..." என்று இழுத்து நிறுத்தினால் முடியாது என்று அர்த்தம். சொத்தோ என்றால் கொஞ்சம், நம் ஊர் ஒள்ளுப்பம். நம் ஊரில் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் "பார்ப்பம்" என்பார்களே, அதே இழுவை. இதை எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவைப்படவில்லை, முதல் நாளே காது பிடித்துக்கொண்டது. மற்றது, நாம் கதைக்கும்போது "ஹை, ஹை" என்று கொண்டேயிருப்பார்கள். அது சம்மதம் இல்லை, "ம்" கொட்டுவது. கதை சொல்லும்போது அம்மம்மா "ம், ம்" என்று கேட்கிற மாதிரி.

ஆனால் வேலையில்? அங்கே ஹோரென்சோ என்று ஒரு மந்திரம். அறிவித்தல், தகவல் கொடுத்தல், ஆலோசனை கேட்டல், இந்த மூன்று ஜப்பான் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்தது. அதே சொல்லுக்குப் பசளிக் கீரை மாதிரி ஒரு கீரை என்றும் அர்த்தம், அதனால் யாருக்கும் மறக்காது. ஒரு பாட்டி வழக்கத்தை விட அரைக் கோப்பை தேத்தண்ணி குறைவாகக் குடித்தால் அதைப் போய்ச் சொல்லவேண்டும், எழுதவேண்டும். நான் முதலில் சின்ன விஷயத்துக்கெல்லாம் பெரியவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதுதான் நான் செய்த பெரிய பிழை. சொல்லாமலே விளங்குகிற நாடு என்றால் இது என்ன? ஹால் ஐயா வீட்டுக்குள் இருக்கும் ஜப்பானைச் சொன்னாரோ என்னவோ, வேலைத்தளத்து ஜப்பான் வேறு.


ஆங்கில_சேர்
செவ்வாய், இரவு 7.05

ஒத்துக்கொள்கிறேன் மகள். கீரையை நாளைக்கு வகுப்பில் சொல்லப்போகிறேன்.


பல்லி_பல்லி
புதன், அதிகாலை 1.45

இரவு வேலை இடைவேளையில் எழுதுகிறேன். கொரியா, கிம்ஹே பக்கம் ஒரு வார்ப்பு இரும்புத் தொழிற்சாலை. ஊர் தம்பிலுவில்.

பெயருக்குக் காரணம்: இங்கே "கெதியா, கெதியா" என்பதற்கு "பல்லி பல்லி". வந்த முதல் நாள் போர்மன் என் பின்னால் நின்று "பல்லி பல்லி!" என்று கத்துகிறார். நான் மேலே பார்த்தேன், சுவரைப் பார்த்தேன், சட்டையை உதறினேன். பல்லி தலையில் விழுந்தால் என்ன பலன் என்று கூட யோசித்துவிட்டேன்.

பரீட்சைக்குப் படித்த கொரிய மொழி எல்லாம் மரியாதைப் பேச்சு. வாங்க, இருங்க மாதிரி. தொழிற்சாலையில் ஒருவரும் அப்படிக் கதைக்கவில்லை. போதாக்குறைக்கு இந்தப் பக்கம் கியோங்சாங் வட்டார வழக்கு, வார்த்தையை நறுக்கி நறுக்கிப் போடுவார்கள். புத்தகத் தமிழ் படித்த ஒருவரைக் கொண்டுபோய் வாகரையில் விட்டு, மீன் ஏலம் கூறுகிற இடத்தில் "என்னகா, மறுகா என்னவாம்?" என்று கேட்டால் எப்படி? அதே கதைதான் எனக்கு.

ஆனால் அக்கா, இங்கே நம் வளர்ப்பு உதவியது. பெரியவருக்கு எதையும் இரண்டு கையால் கொடுக்கவேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள். வயதுக்குத் தக்க கூப்பிடும் முறை, அதனால் முதல் கேள்வியே வயது எத்தனை என்பதுதான். 2023 ஜூனில் சட்டம் மாற்றும்வரை பிறந்த உடனே ஒரு வயது என்று எண்ணுவார்கள், என் வயதைச் சொல்வதற்கே கணக்குப் போட்டேன். "நீ" என்றால் அங்கேயும் நீதான். பெரியவரிடம் சொன்னால் அங்கேயும் முறைப்புத்தான். அப்பா என்றால் அங்கேயும் அப்பாதான்.

வெட்டவெளி அண்ணன் சொன்னதும் இங்கே உண்டு. சத்தம் போடுகிற ஆள் எல்லோரிடமும் சத்தம் போட்டால் அது அவர் சுபாவம். கொரியாக்காரப் பொடியனிடம் ஒரு மாதிரி, எங்களிடம் ஒரு மாதிரி என்றால் அது வேறு. நான் அப்படித்தான் பிரித்துப் பார்க்கிறேன். நேரமாகிவிட்டது, பல்லி கூப்பிடுது.


வெட்டவெளி
புதன், காலை 8.20

இது நல்ல அளவுகோல் தம்பி. எங்கள் ஹோட்டல்காரன் பிலிப்பைன்ஸ் ஆட்களுக்குத் தட்டு எறியவில்லை.


ஆரையம்பதி_அண்ணன்
புதன், காலை 10.10

வெளிநாடு போகாதவனும் ஒன்று சொல்லலாமா? நான் காத்தான்குடியில் புடவைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டிலிருந்து சைக்கிள் மிதித்தால் சில நிமிடம். வீட்டில் அண்ணன், கடையில் நானா. வீட்டில் சித்தப்பா, கடையில் சாச்சா. நோன்பு மாதத்தில் பகலில் என் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பின் அறையில் வைத்துச் சாப்பிடுவேன், முதலாளி "இங்கேயே சாப்பிடு" என்றாலும். அவர் எங்கள் கண்ணகி அம்மன் குளிர்த்தித் திருவிழாக் காலத்தில் மீன் கதையே எடுக்கமாட்டார். இதை யாரும் எங்களுக்கு வகுப்பு வைத்துச் சொல்லித்தரவில்லை. அம்பாறைச் சந்தைக்கு தயிர் கொண்டுபோகிற எங்கள் மாமா சிங்களத்தில் "ஹா, ஹா" என்பதை நான்கு விதமாகச் சொல்வார், சரி, பார்ப்பம், விலை கூடாது, இடத்தைக் காலி பண்ணு. அவர் பள்ளிக்கூடம் போனது ஐந்தாம் வகுப்புவரை.

இடையில் கெட்ட காலமும் வந்துபோனது, அதை நான் இங்கே எழுதவில்லை. கல்லடிப் பிள்ளைக்குச் சொல்வது, உனக்கு இது தெரியாத வேலை இல்லை. இடம்தான் புதிது.


கல்லடிக்காரி
அடுத்த வெள்ளி, இரவு 10.40

எல்லோருக்கும் பதில் எழுதப் பிந்திவிட்டது. நான்கு நாள் தொடர்ந்து வேலை.

நானாவின் வழியை முதலில் பிடித்தேன். சொன்னதைத் திருப்பிச் சொல்வது. முதல் நாள் கிளிப்பிள்ளை மாதிரி வெட்கமாக இருந்தது. இரண்டாம் நாள் "இரண்டரைக்கு பிசியோ" என்று திருப்பிச் சொன்னபோது, சுப்பர்வைசரே "இல்லை, பன்னிரண்டரை, நான்தான் பிழையாகச் சொன்னேன்" என்று திருத்தினார். அதற்குப் பிறகு வெட்கம் போய்விட்டது.

சேர் சொன்ன முழு வசனமும் வேலை செய்கிறது. தலையை மட்டும் கட்டுப்படுத்த முடியவில்லை, அது தன்பாட்டில் ஆடுகிறது.

வெட்டவெளி அண்ணன் கேட்ட கேள்வி மனதிலேயே நின்றது. வியாழக்கிழமை தேத்தண்ணி நேரம் சுப்பர்வைசரிடம் போய், அந்தக் கிரீம் கதையையும் ஓம் கதையையும் சொன்னேன். தமிழில் ஒரு வசனத்தை எழுதி, கீழே ஆங்கிலம் எழுதிக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்படியென்றால் நீ உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாய்" என்றார். நான் பதில் சொல்லவில்லை, தொண்டை அடைத்துவிட்டது. இப்போது அவர் "விளங்கியதா?" என்று கேட்பதில்லை. "அடுத்து என்ன செய்யப்போகிறாய், சொல்லு" என்கிறார், என்னிடம் மட்டும் இல்லை, கேரளாப் பிள்ளையிடமும், நைஜீரியா அக்காவிடமும், இங்கேயே பிறந்த பிள்ளைகளிடமும். தாளில் இருந்த அந்த வரியை இன்னும் எடுக்கவில்லை. கேட்கவேண்டும்.

அந்த அம்மா. நான் இப்போது "கோ அண்ட் கம்" சொல்வதில்லை. அவர் அறையில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை இருக்கிறது. போகும்போது அதில் "நாளை காலை எட்டு மணி" என்று எழுதிவிட்டு, வாயாலும் சொல்லிவிட்டுப் போகிறேன். எட்டு ஐந்துக்குப் போனால் முகம் திருப்பிக்கொள்கிறார். மாமி, உங்கள் சுவிஸ் முதலாளி இவரிடம் தோற்றுவிடுவார்.

எனக்கு ஒன்று மட்டும் கஷ்டம். "குட்நைட்" என்று சொல்லிவிட்டுத் திரும்பும்போது வாசலில் ஒரு நொடி கால் நிற்கிறது. "போயிட்டு வாறன்" என்று தமிழில் மெதுவாகச் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். அவருக்குக் காது அவ்வளவு கேட்காது.


சுவிஸ்_மாமி
வெள்ளி, இரவு 11.55

அந்த வரியை எடுக்கச் சொல்லிக் கேள் பிள்ளை. எழுத்தில் கேள். நேராகக் கேள். நான் அப்படிக் கேட்கப் பழகப் பத்து வருடம் எடுத்தேன், நீ பத்து நாளில் கேட்டுவிடு.


புதுசு_22
சனி, காலை 7.15

அண்ணன்மார், அக்காமார், எனக்கு வருகிற வியாழன் பிளேன். கொரியா. திருக்கோவில். எல்லாவற்றையும் வாசித்தேன். பல்லி அண்ணனிடம் ஒரு சந்தேகம், அங்கே "நே" என்றால் ஓம் என்றுதானே படித்தேன்? கேட்க "நோ" மாதிரி இருக்கிறதே, வாயில் மாறி வந்துவிடும் போலிருக்கிறது.


பல்லி_பல்லி
சனி, பகல் 12.30

ஓம் தம்பி, "நே" என்றால் ஓம். ஆனால் தலையை மேலும் கீழும் ஆட்டு. பக்கத்துக்கு ஆட்டிவிடாதே.